அண்ணி பிரித்த கியர்பாக்ஸ்

பிப்ரவரி 2

நாத்தனார் அவர்களுக்கு,

"அவர்கள்" போட்டிருப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்காதே. இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத ஆளுக்கு எப்படி ஆரம்பித்து எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீ வண்டி ரிப்பேர் பார்க்கிற குவாரியில் போன் எடுக்காது, சாமான் வேன்தான் வாரத்துக்கு இரண்டு தடவை தபாலைக் கொண்டுவரும் என்று உன் அண்ணன் சொன்னார். அதுவும் நல்லதுக்குத்தான். போனில் உன் குரலைக் கேட்டிருந்தால் கேட்க வந்ததை விட்டுவிட்டு நேராகச் சண்டைக்குப் போயிருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குப்பை லாரி படுத்துவிட்டது. முன்னால் போகிற எந்தக் கியரிலும் இழுக்கவில்லை. பின்னால் மட்டும் ஜோராகப் போகிறது. கடைசி நாள் உன் அண்ணன் தெருமுனையிலிருந்து வீடுவரை ரிவர்ஸிலேயே கொண்டுவந்தார், தெருவே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. வீட்டுக்கு வீடு நின்று நின்று போகிற வண்டி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால்தான் கால் பிழைக்கும் என்று ஆசைப்பட்டு வாங்கியது உனக்கே தெரியும். இந்த ஊரில் அதைப் பிரிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "இதப் பிரிக்கிற வேலையே வேணாம்மா. முழுசா புதுசு வரவழைக்கணும். நாலு மாசம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உன் அண்ணன் சும்மா இருப்பாரா? பக்கத்து டயர் கடைக்காரரிடம் ஜாக்கி வாங்கித் தானே இறக்கப் போனார். பாதியில் ஜாக்கி சரிந்து கியர்பாக்ஸ் கீழே விழுந்தது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. இவருக்குத்தான் தோள் எலும்பும் வலது மணிக்கட்டும் போயிற்று. பயப்படாதே. மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் அதிகாரம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்.

பயப்பட வேண்டியது வேறு. கட்டுப் பிரித்ததும் எங்கோ கடற்கரைப் பக்கத்துக் கம்பெனிக்கு நெடுந்தூர லாரி ஓட்டப் போவதாகச் சொல்கிறார். இரண்டு வருஷம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வீடு. மார்ச் கடைசிக்குள் நம் லாரி ஓடினால் நகராட்சி நாம் குப்பை அள்ளுகிற தெருக்களை நமக்கே திருப்பித் தரும். இல்லாவிட்டால் இப்போது தற்காலிகமாக ஓடுகிற லாரிக்கே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தெருக்கள் போனால் இவரும் போவார். குழந்தைக்கு நாலு வயசு. அவளுக்கு அப்பா வேண்டும். எனக்கும் அவர் வேண்டும். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். தையலைத் தவிர ஒன்றும் தெரியாத ஒருத்தி அந்தக் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிபண்ணி மறுபடி மூட முடியுமா? முடியும், முடியாது என்று ஒரு வரி எழுதினால் போதும். உன்னை வரச் சொல்லவில்லை. அந்த வாளி விஷயத்தில் நான் சொன்னதிலிருந்து இறங்கி வரவும் இல்லை. தைக்கக் கொடுத்திருந்த கல்யாணப் பெண்ணின் வெள்ளை கவுன் ஊறிக்கொண்டிருந்த வாளியில் கிரீஸ் உடுப்பைக் கொண்டுவந்து போட்டது நீதான்.

அண்ணி

பிப்ரவரி 7

அண்ணிக்கு,

முடியும்.

ஒரு வரி போதும் என்றீர்கள். ஆனால் இதோடு நிறுத்தினால் நாளைக் காலையே ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்துவிடுவீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு. அதனால் மேலே எழுதுகிறேன்.

இங்கே கல் சுமக்கிற டம்பர்களுக்கும் இதே வகைக் கியர்பாக்ஸ்தான், உருவம்தான் பெரிசு. அவற்றில் இரண்டு படுத்துக் கிடக்கின்றன. ஏப்ரல் வரை எனக்கு லீவு கிடையாது. கிடைத்திருந்தாலும் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. "இந்த வீட்டுல ஒண்ணு நீ இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்" என்று நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது ஒருவரும் எழுந்து வரவில்லை. வாளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் உடுப்பைப் போட்டபோது அது காலி. அப்புறம் வந்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் கவுனைப் போட்டது நீங்கள்.

அது இருக்கட்டும். அந்தப் பெட்டிக்குள் பெரிய மாயம் எதுவும் இல்லை. வட்டத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒன்று வெறும் இரும்பு, அடுத்தது சொரசொரப்பான மேல்பூச்சுள்ளது, மறுபடி இரும்பு. எண்ணெயின் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் தட்டுகளை நெருக்கும், அவை ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டால் வண்டி நகரும். முன்னால் போகிற கியர்களுக்கெல்லாம் பொதுவான ஓர் அடுக்கு இருக்கிறது. உங்கள் வண்டியில் கெட்டது அதுவாகத்தான் இருக்கும்.

திறப்பதற்கு முன் வெளிப்பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டு பிரஷ்ஷால் கழுவுங்கள். உள்ளே ஒரு பொட்டு மண் போகக் கூடாது. கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது உட்பட. ஞாபகம் இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். நான் முதல் தடவை நம்பினேன். எல்லாவற்றையும் மூடி முடித்த பிறகு ஒரு வளையம் மேஜைமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. மேஸ்திரி திட்டவில்லை, போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பிரி என்றார்.

எண்ணெய் என்ன நிறம், என்ன நாற்றம் என்று எழுதுங்கள். அண்ணனையும் பார்த்துக்கொள்ளுங்கள். வலித்தாலும் வாய் திறக்க மாட்டான்.

ஸ்பேனர்
(அண்ணன் அப்படித்தானே கூப்பிடுவான். வேறு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று எனக்கும் தெரியவில்லை.)

பிப்ரவரி 13

ஸ்பேனருக்கு,

திறந்துவிட்டேன்!

துணி வெட்டுகிற பெரிய மேஜையைக் காலிபண்ணி முற்றத்துக்குத் தூக்கி வந்தோம். கழுவ மட்டும் ஒரு பகல் ஆயிற்று. உன் அண்ணன் நாற்காலியில் இருந்தபடி, "அதுக்குப் பல்லு வெளக்கி விடுறியா?" என்று கேட்டார். சாதாரண நாளாக இருந்தால் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்பேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

வரிசை விஷயத்தில் நீ கவலைப்பட வேண்டாம். மேஜைமேல் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, கழற்றிய ஒவ்வொன்றையும் அதன்மேல் வைத்துத் துணியில் அளவு வரைகிற மாதிரி சாக்கால் சுற்றி வரைந்து எண் போட்டிருக்கிறேன். மேல்பக்கத்துக்கு ஒரு புள்ளி. முப்பது பேர் உடுப்பை ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டுத் தைத்தவளுக்கு இது புதுசில்லை. இதுவரை ஒரு பிளவுஸுக்கு இன்னொரு பிளவுஸின் கை போனதே கிடையாது.

ஆனால் அந்தச் சர்க்ளிப் இருக்கிறதே, காடியில் உட்கார்ந்திருக்கிற வளையம், அது என்னைப் பழிவாங்கிவிட்டது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். ஒரே தாவாகத் தாவி உன் அண்ணன் மாவுக்கட்டில் போய் விழுந்தது. "கட்டுல பட்டதால பொழச்சேன், இல்லேன்னா இன்னொரு கட்டு" என்றார். டயர் கடைக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "அண்ணே, நீங்க உள்ள போயி உக்காருங்க. இங்க உசிருக்கு உத்தரவாதம் இல்ல" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இந்த வீட்டில் சிரித்தே எத்தனையோ நாளாயிற்று.

எண்ணெய் கறுப்பு. கம்பளிமேல் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டால் வருமே, அந்த நாற்றம். நீ சொன்ன அடுக்கில் சொரசொரப்புத் தட்டெல்லாம் கரியாகக் கிடக்கிறது. இரும்புத் தட்டுகள் நீலம் பூத்திருக்கின்றன. பிஸ்டனை எடுத்துப் பார்த்தேன். அதன் ஓரத்தில் இருக்கிற ரப்பர் சீல் காய்ந்து கட்டையாகி, ஓரிடத்தில் நகத்தின் அளவு கிழிந்திருக்கிறது. இந்தத் துளியூண்டு ரப்பருக்காகவா என் புருஷன் இரண்டு வருஷம் என்னை விட்டுப் போக வேண்டும்?

அடுத்து என்ன செய்ய? சீக்கிரம் எழுது.

அண்ணி

பிப்ரவரி 18

அண்ணி,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துப் படித்தேன். சர்க்ளிப் இடம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். சீல் கிழிந்து அழுத்தம் கசிந்திருக்கிறது. பிஸ்டன் முழுசாக நெருக்கவில்லை, தட்டுகள் பிடிக்காமல் தேய்ந்து தேய்ந்து கருகிவிட்டன. வண்டியின் பிளேட்டில் இருக்கிற எண்ணைக் கொடுத்து, தட்டுகள், சீல்கள், ஃபில்டர் எல்லாம் சேர்ந்த கிட் வரவழையுங்கள். பழைய சீல் ஒன்றைக்கூடத் திரும்பப் போட வேண்டாம், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும்.

இத்துடன் ஒரு சின்னச் சாமான் அனுப்பியிருக்கிறேன். சன்னக் கம்பியை வளைத்துக் குழாயில் பொருத்தியது. கடையில் கிடைக்காது, நான் செய்தது. புது சீலின் உதடு எண்ணெய் வருகிற பக்கம் பார்த்திருக்க வேண்டும். பிஸ்டனை இறக்கும்போது அந்த உதடு மடங்கிக்கொள்ளும். மடங்கினால் கிழியும், எல்லாம் வீண். இந்தக் கம்பியை விட்டுச் சுற்றி வந்து உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஒதுக்கிவிடுங்கள். அவசரப்பட்டால் கெட்டது. நான் என் முதல் சீலைத் தலைகீழாகப் போட்டு, அதை இரண்டாம் தடவையும் தலைகீழாகவே போட்டவள்.

புதுத் தட்டுகளைப் போடுவதற்கு முன் ஒரு பகல் முழுக்க எண்ணெயில் ஊறவையுங்கள். காய்ந்த தட்டு முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும். அடுக்கி முடித்து சர்க்ளிப் போட்டதும் இடைவெளியை ஃபீலர் கேஜால், அதாவது இடுக்கு அளக்கிற மெல்லிய தகடால், அளந்து பாருங்கள், கிட்டில் இருக்கிற தாளில் அளவு போட்டிருக்கும். மூடுவதற்கு முன் டயர் கடைக்காரரின் கம்ப்ரசரை இழுத்து வந்து பிஸ்டனுக்கு எண்ணெய் போகிற துவாரத்தில் காற்றை விடுங்கள். பிஸ்டன் நகர்ந்து "டொக்" என்று சத்தம் வர வேண்டும். வெறும் "புஸ்" என்றால் சீல் போயிற்று என்று அர்த்தம்.

இங்கே என் அறை ஒரு தகரப் பெட்டி. ஜன்னலைத் திறந்தால் கல் உடைக்கிற மெஷின். வேலையில் குறை சொல்கிறவர்கள் யாரும் இல்லை, வேலைக்கு வெளியே பேசுகிறவர்களும் யாரும் இல்லை. உங்கள் கடிதம் வருகிற நாள் நல்ல நாளாக இருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஸ்பேனர்

பிப்ரவரி 25

என் ஸ்பேனருக்கு,

டொக்!

இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று காலையிலிருந்து வைத்திருந்தேன். கம்ப்ரசர் குழாயோடு வந்த டயர் கடைக்காரர், "காத்து அடிக்கிறேன், சரி. டயர் எங்க?" என்று கேட்டார். துவாரத்தைக் காட்டினேன். நம்பாமல்தான் விட்டார். டொக் என்றது. எடுத்தார், விட்டார், மறுபடி டொக். அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை, குழந்தையும் கூடச் சேர்ந்து டொக் டொக் என்று குதிக்கிறாள். உன் அண்ணன் இடது கையால் என் தலையில் லேசாகத் தட்டினார்.

உன் கம்பி இல்லாவிட்டால் நடந்திருக்காது. சட்டையின் தோளில் கையைப் பொருத்தும்போது துணி கொஞ்சம் கூடுதலாக நிற்கும், அதைச் சுருக்கம் தெரியாமல் ஒதுக்கி ஒதுக்கி உள்ளே அனுப்ப வேண்டும். சீலும் அதே மாதிரிதான் போயிற்று. இரண்டாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டது. தலைகீழாக இல்லை, மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

சுத்தம் பற்றி நீ பெருமைப்படலாம். டயர் கடையில் கிடக்கிற அழுக்குத் துணி எதையும் கிட்டே சேர்க்கவில்லை. குழந்தைகள் உடுப்புக்கென்று வைத்திருந்த புது ஃபிளானல் துணியைக் கிழித்து, ஒவ்வொரு சாமானையும் குளிப்பாட்டிய பிள்ளையைத் துவட்டுகிற மாதிரி மெத்தென்று துவட்டித்தான் உள்ளே வைத்தேன். வால்வுகள் இருக்கிற அந்தச் சந்துபொந்துத் தட்டையும்கூட.

இன்னும் இரண்டு மூன்று நாளில் லாரியில் ஏற்ற வேண்டும். உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நன்றி, நன்றி, நன்றி. என் கை இப்போது எண்ணெயும் கறுப்புமாக இருக்கிறது. உன் கையைப் பார்த்து முன்பு நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று நீயே நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்.

அண்ணி

பிப்ரவரி 26

அண்ணி,

உங்கள் கடிதம் இந்த வாரம் வரவில்லை. மழையில் பாதை அறுந்து வேன் கீழேயே நிற்கிறதாம். கீழே இறங்குகிற டிராக்டர்க்காரரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன், அவசரம்.

போன தடவை சொல்ல விட்டுப்போனது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் நிற்கிற குண்டுக் கன்வர்ட்டரை முதலில் கியர்பாக்ஸில் உட்கார வைக்க வேண்டும். தள்ளிக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். ஒரு தடவை இறங்கும், உட்கார்ந்துவிட்டது என்று தோன்றும். இல்லை. மறுபடி திருப்புங்கள், இன்னும் இறங்கும். அது முழுசாகப் போகாமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் உள்ளே இருக்கிற பம்ப் நொறுங்கும். போல்ட் கையாலேயே சுற்றிப் போக வேண்டும். ஸ்பேனருக்கு முரண்டு பிடித்தால் நிறுத்திவிடுங்கள். டயர் கடைக்காரரின் ஜாக்கியைச் சங்கிலி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். இன்னொரு எலும்புக்கு நம் வீட்டில் ஆள் இல்லை.

நம் வீடு என்று கை தானாக எழுதிவிட்டது.

ஸ்பேனர்

மார்ச் 6

நாத்தனார் அவர்களுக்கு,

உங்கள் டிராக்டர் கடிதம் நேரத்துக்கு வந்தது. நீங்கள் சொன்னபடியே கன்வர்ட்டரைத் திருப்பினேன், நீங்கள் சொன்னபடியே இறங்கியது. நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

முதல் நாள் லாரி ஓடியது. முற்றத்தை விட்டு முன்னால் நகர்ந்தபோது நான் அழுதேவிட்டேன். டயர் கடைக்காரர் ஓட்ட, உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைச் சுற்றி வந்தார்கள். இரண்டாம் நாள் காலை முதல் கியரில் கிளம்பியது, இரண்டாவதும் விழுந்தது, அதற்குமேல் ஏறவே இல்லை. எஞ்சின் கத்துகிறது, வண்டி ஆமையாக நகர்கிறது. ஒரு தடவை தூக்கிப் போட்டதில் உன் அண்ணன் கட்டுக் கை கதவில் இடித்தது. வலியில் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் நாற்காலியில்கூட உட்காரவில்லை. நேராகப் போனை எடுத்துக் கம்பெனிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இருபத்தி நாலாம் தேதி கிளம்ப வேண்டுமாம். என்னைப் பார்த்து, "நீ உன்னால முடிஞ்சதுக்கு மேலயே செஞ்சே. போதும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் டொக் கடிதத்துக்கு இன்னும் உன்னிடமிருந்து பதில் இல்லை. எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? வாயால் சொல்லக் கூடாததெல்லாம் தோன்றுகிறது. தையல்காரி கியர்பாக்ஸைப் பிரிக்கிறாளாம் என்று உன் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்திருப்பீர்கள். எதையோ வேண்டுமென்றே சொல்லாமல் விட்டுவிட்டாய். இனிமேல் எழுத மாட்டேன்.

மார்ச் 12

அண்ணி,

இன்றுதான் வேன் வந்தது. உங்கள் இரண்டு கடிதமும் சேர்ந்து வந்தன. கோபக் கடிதம்தான் முதலில் கையில் கிடைத்தது. படித்துவிட்டு அழுதேன், அதை மறைக்கவில்லை. அப்புறம் டொக் கடிதத்தைப் பிரித்தேன். ஃபிளானல் என்ற வார்த்தை வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

அண்ணி, துணிதான்! வேறு ஒன்றும் இல்லை. மெத்தென்ற துணியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பஞ்சு உதிரும். அந்த வால்வுகள் முடி நுழையாத இடைவெளியில் ஓடுகிறவை. எண்ணெயோடு சுற்றிச் சுற்றி வந்த பஞ்சு போய்க் கியர் மாற்றுகிற ஒரு வால்வைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் முதல் நாள் ஓடி மறுநாள் நின்றது. தட்டு, சீல், அடுக்கு எல்லாவற்றையும் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். தப்பாக இருந்தால் முதல் நாளே நகர்ந்திருக்காது.

எதையோ சொல்லாமல் விட்டுவிட்டாய் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், விட்டுவிட்டேன். வேண்டுமென்று இல்லை. இங்கே யாரும் துணியைத் தொடுவதில்லை. கழுவி, காற்றடித்து, அப்படியே போடுவோம். துணியால் துடைக்காதே என்று எனக்கு யாரும் சொன்னதுகூட இல்லை, துணியே இல்லாததால். நல்ல துணி வீடு நிறைய இருக்கிற ஒருத்தி, அதிலும் இருப்பதிலேயே நல்லதைக் கிழித்துத் துடைப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். உங்களை எனக்குத் தெரியுமே.

கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். லாரியின் அடியிலேயே படுத்து எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றினால் வால்வுத் தட்டு தெரியும். அதை மட்டும் கழற்றுங்கள். கழற்றும்போது உள்ளிருந்து பட்டாணி அளவு எஃகு உருண்டைகள் விழும், அகலமான தட்டு ஒன்றை அடியில் பிடித்துக்கொண்டு, எது எந்தக் குழியில் இருந்தது என்று சாக்கால் வரையுங்கள். ஒவ்வொரு வால்வாக வெளியே எடுத்துக் கழுவி, காற்றடித்து, வெறுங்கையால் திரும்பப் போடுங்கள். தட்டைச் சாய்த்தால் வால்வு தன் எடையிலேயே வழுக்கிப் போக வேண்டும். எங்கே தயங்குகிறதோ அங்கேதான் பஞ்சு. ஃபில்டரும் எண்ணெயும் புதிதாக மாற்றுங்கள். இது உங்களுக்குப் பெரிய வேலையே இல்லை.

நான் இங்கே யாரோடும் சேர்ந்து சிரிக்கவில்லை, அண்ணி. சிரிக்க ஆள் இல்லை. இரண்டு வருஷமாக இந்தக் கைக்குத் தெரிந்ததை யாரும் என்னிடம் கேட்டதில்லை. செய் என்பார்கள், செய்வேன், அவ்வளவுதான். நீங்கள் கேட்டீர்கள். கேட்டது மட்டுமில்லாமல் சொன்னதை நம்பி உங்கள் வெட்டு மேஜையையே காலிபண்ணினீர்கள். அதற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். அண்ணன் போவதற்கு முன் இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை, அடியில் படுத்துப் பாருங்கள்.

இந்தக் கடிதத்தை வேன் டிரைவர் கையில் கொடுத்து, நேரே உங்கள் கையில் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன்.

ஸ்பேனர்

மார்ச் 27

என் தங்கமான ஸ்பேனருக்கு,

முதலில் மன்னிப்பு. அந்தக் கோபக் கடிதத்தை நெருப்பில் போட்டுவிடு. போடவில்லையென்றால் நான் வந்து போடுவேன்.

வேன் டிரைவர் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "அந்தப் பொண்ணு நாலு தடவ சொல்லி அனுப்பிச்சும்மா" என்றார். படித்து முடித்ததும் அப்படியே லாரிக்கு அடியில் போய்ப் படுத்தேன். உன் அண்ணனுக்கு முந்தின நாள்தான் கட்டுப் பிரித்திருந்தது. துணிப்பையில் பாதி சாமான் அடுக்கி வைத்திருந்தார். அவரும் வந்து பக்கத்தில் படுத்து இடது கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். உருண்டைகள் தட்டில் கலகலவென்று விழுந்தன. வால்வுகள் ஒவ்வொன்றாக வழுக்கிப் போயின. ஒன்று மட்டும் பாதியில் நின்றது. எடுத்துப் பார்த்தால் அதன் கழுத்தைச் சுற்றி இளமஞ்சள் பஞ்சு, குழந்தை உடுப்பு நிறம்.

அங்கே படுத்தபடியேதான் அவர் கேட்டார். "நான் போறேன்னு சொன்னதுல உனக்குக் கோவமா?"

"கோவம் இல்ல. போகாதீங்க."

இதைச் சொல்ல எனக்கு இத்தனை நாளாயிற்று. முகத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் டார்ச்சை என் கைப் பக்கம் இன்னும் நெருக்கிப் பிடித்தார். அப்புறம், "முதல்ல இது ஏறுதான்னு பாப்போம்" என்றார்.

ஏறிற்று. மூன்றாவது விழுந்தது, நான்காவது விழுந்தது, எப்போது மாறியது என்றே தெரியவில்லை. அன்றைக்கும் ஓட்டினோம், மறுநாளும், அதற்கு மறுநாளும். மூன்று நாள் ஓடிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இருபத்தி நாலாம் தேதி காலை உன் அண்ணன் கம்பெனிக்குப் போன் செய்து, வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பையிலிருந்த துணியை எடுத்துத் தானே அலமாரியில் அடுக்கினார். நான் அடுக்களையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். நேற்று நகராட்சி ஆள் வந்து பார்த்துவிட்டு, ஒன்றாம் தேதியிலிருந்து நம் தெருக்கள் நமக்கே என்று சொல்லிவிட்டுப் போனார். குழந்தை அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். இதெல்லாம் நீ கொடுத்தது. மலைமேல் தகரப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டை நீ பிடித்து நிறுத்தினாய். நான் உயிரோடு இருக்கிறவரை மறக்க மாட்டேன்.

ஏப்ரலில் லீவு வந்ததும் கிளம்பி வா. வாளியைப் பற்றி மறுபடி ஆரம்பித்தால் நானும் ஆரம்பிப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன். ஆனாலும் வா.

இன்னொன்று எழுதிவிட்டு முடிக்கிறேன். இன்று மத்தியானம் நம் தெருக்களில் தற்காலிகமாக லாரி ஓட்டுகிறாரே, அவர் வந்தார். அவருடைய வண்டியும் முன்னால் இழுக்க மாட்டேன் என்கிறதாம். வாசலில் நின்று, "அண்ணே, ஒங்க கியர்பாக்ஸ யாரு பண்ணினது? அந்த மெக்கானிக்க நானும் பாக்கணும்" என்று விசாரித்தது எனக்கு உள்ளே கேட்டது. உன் அண்ணன், "உள்ளதான் இருக்காங்க, இருங்க" என்று சொல்லிக் கூப்பிட்டார். பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, மெக்கானிக் என்றுதான் கூப்பிட்டார். எந்த மெக்கானிக் வந்திருக்கிறார் என்று நானும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி